பென்னாகரத்துப் பல்: பழுப்பில் இருப்பது ஃபுளோரினா, இரும்பா?

தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கும் நண்பர் ஒருவரிடமிருந்து இந்தப் பல் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல். கம்பி கட்டிப் பல்வரிசையைச் சீராக்க இடம் தேவைப்பட்டதால் எடுத்திருக்கிறார். சொத்தை கிடையாது. கன்னப் பக்கம் வெளிறிய பட்டைகள், அவற்றின் குறுக்கே பழுப்பாக ஒரு திட்டு. பல்லுக்குரியவர் பென்னாகரம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கல்லூரியில் படிக்கும் பெண். எடுத்த பல்லை ஆய்வுக்குத் தர எழுத்தில் சம்மதித்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையும் இங்கே சொல்லப் போவதில்லை.

பல்லோடு இரண்டு கேள்விகளும் வந்தன. ஒன்று, அந்தப் பெண்ணின் அம்மா டாக்டரிடம் கேட்டது: "டாக்டர், இது தண்ணியாலதானா? இல்ல, சின்ன வயசுல நாங்க ஒழுங்கா பல்லு விளக்கி விடலையா?" மற்றது டாக்டர் எங்களிடம் கேட்டது. முன்பற்களிலும் இதே கறை இருக்கிறது. இந்தப் பழுப்பு எவ்வளவு ஆழம் போகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது? மேலோட்டமான கறை என்றால் நீர்த்த அமிலமும் தேய்ப்புத் தூளும் வைத்து மெல்லத் தேய்த்தே எடுத்துவிடலாம். கீழே துளைகள் நிறைந்த பகுதி இருந்தால் அதற்குள் பிசின் ஊட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பல்லின் முகப்பில் மெல்லிய ஓடு (வெனீர்) ஒட்ட வேண்டும். செலவும் இதே வரிசையில்தான் ஏறும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லக் கருவி எதுவும் தேவையில்லை. முதல் முன்கடைவாய்ப் பல்லின் எனாமல் குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதில் தாடைக்குள் உருவாகத் தொடங்கி, ஐந்து ஆறு வயதுக்குள் முடிந்துவிடும். பல் வெளியே எட்டிப் பார்ப்பதோ பத்து வயது வாக்கில். எனாமல் முதிரும் கட்டத்தில் உடலில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால், அங்கிருந்து வெளியேற வேண்டிய புரதம் சரியாக வெளியேறாமல் தங்கிவிடுகிறது. தாது முழுமையாக நிரம்புவதில்லை. பிரஷ் அந்தப் பல்லைத் தொடுவதற்குச் சில வருடங்கள் முன்பே நடந்து முடிந்த விஷயம் இது. எலும்பைப் போல எனாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் இல்லை. இதை டாக்டர் அன்றே சொல்லிவிட்டார்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் பாறைகள். ஒகேனக்கல், சாமல்பட்டி பக்கம் கார்பனடைட் போன்ற காரப் பாறைகளும் உண்டு. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய கனிமங்கள் ஃபுளோரைடை வைத்திருக்கின்றன. மழை குறைவு, தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்குகிறது, பைகார்பனேட் கூடிக் கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடு கரைசலிலேயே நின்றுவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. இங்கே பல போர்வெல்கள் அதைத் தாண்டியவை. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓடத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான். இந்தப் பெண்ணின் எனாமல் அதற்கு முன்பே, போர்வெல் தண்ணீர் குடித்த வருடங்களில் உருவானது.

இங்கே ஒரு பழைய கதை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901 வாக்கில் இதே பழுப்புக் கறையைப் பார்த்துக் குழம்பினார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் அக்காலத்து வழக்கமான நீர்ப் பரிசோதனை ஃபுளோரைடைத் தேடவே இல்லை. முப்பது வருடம் கழித்து, 1931இல், ஒரு அலுமினியக் கம்பெனியின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. 1937இல் நம் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து ஷார்ட் குழுவினர் எலும்பு ஃபுளோரோசிஸை, அதாவது ஃபுளோரைடு மிகையால் எலும்பில் வரும் பாதிப்பை, விவரித்து எழுதினார்கள். எந்தக் கருவியால் பார்க்கிறோமோ அதற்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும் என்பதற்கு மெக்கேயின் முப்பது வருடம் ஒரு சாட்சி.

ஃபுளோரின் ஏன் கண்ணாமூச்சி ஆடுகிறது

இந்தப் பல்லில் மூன்று விஷயங்களைப் படமாக்க வேண்டியிருந்தது: தாது, புரதம் போன்ற கரிமப் பொருள், கூடவே ஃபுளோரினும் உலோகங்களும். மூன்றையும் ஒருசேரக் காட்டும் கருவி கிடையாது. ஒரே தெருவைப் பற்றித் தபால்காரரைக் கேட்டால் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்வார், லைன்மேனைக் கேட்டால் எந்த வீட்டில் மின்சுமை அதிகம் என்று சொல்வார். இரண்டும் உண்மை, ஒன்றிலிருந்து மற்றது கிடைக்காது.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, தனிமங்கள் திருப்பி உமிழும் எக்ஸ் கதிரை அளக்கும் மைக்ரோ எக்ஸ்.ஆர்.எஃப். இரும்பு, துத்தநாகம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவற்றை மில்லியனில் சில பங்கு அளவிலேயே பிடித்துவிடும். ஆனால் ஃபுளோரினின் எக்ஸ் கதிர் ஆற்றல் வெறும் 0.677 கிலோ எலக்ட்ரான் வோல்ட். காற்றில் கொஞ்ச தூரம் போவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். வழக்கமான டிடெக்டரின் பெரிலியம் ஜன்னலையும் தாண்டாது. ஆக, ஃபுளோரோசிஸ் பல்லை எக்ஸ்.ஆர்.எஃப்.பில் வைத்தால் கனமான தனிமங்கள் தெரியும், தேடும் ஃபுளோரின் தெரியாது.

லேசர் ஒளி சிதறும் விதத்திலிருந்து மூலக்கூறுகளின் அதிர்வை அறியும் ராமன் படமாக்கல், பாஸ்பேட்டின் அதிர்வை 960 அலையெண் (அதிர்வின் வேகத்தைக் குறிக்கும் எண்) அருகே ஒரு முகடாகக் காட்டுகிறது. எனாமலின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஃபுளோரின் உட்கார்ந்தால் இந்த முகடு மேலே நகரும். தூய ஃபுளோர்அபடைட் வரை போனால் சுமார் மூன்று நான்கு அலையெண் நகர்வு. ஆனால் தூய ஃபுளோர்அபடைட்டில் ஃபுளோரின் எடையில் 3.77 சதவீதம். ஒரு பேச்சுக்கு நம் எனாமலில் 0.3 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை; நகர்வு 0.3 அலையெண் அளவில் நின்றுவிடும். அறை வெப்பநிலை மாறினாலே கருவி அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். சிலிக்கானின் 520 முகட்டை வைத்து அடிக்கடி சரிபார்த்தாலும், ராமன் முகட்டின் நகர்வை "ஃபுளோரின் வரைபடம்" என்று அச்சிட எனக்கு மனம் வரவில்லை. அந்த முகட்டின் அகலம், 1070 அருகே கார்பனேட், பின்னணி ஒளிர்வு ஆகிய மூன்றையும் மட்டும் ராமனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பழுப்புத் திட்டில் அந்த ஒளிர்வு மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்தது. 785 நானோமீட்டர் லேசருக்கு மாறிய பிறகுதான் முகடே தெரிந்தது. கறை லேசரை உறிஞ்சிச் சூடேறும் என்பதால் திறனை மிகவும் குறைத்து வைத்தோம்.

மாதிரி அகச்சிவப்பு ஒளியை எங்கே உறிஞ்சுகிறது என்று பார்க்கும் அகச்சிவப்பு முறை, அதாவது எஃப்.டி.ஐ.ஆர்., புரதத்தின் அமைடு முகடுகளை 1650, 1540 அருகே காட்டும். நீரின் முகடும் 1640 பக்கத்திலேயே விழுவதால் 1650ஐ மட்டும் நம்பக் கூடாது, 1540ம் சேர்ந்து வர வேண்டும். மெருகேற்றிய பரப்பில் எதிரொளிப்பு முறையில் எடுத்தால் பாஸ்பேட் முகடு கோணிக்கொள்ளும். எனவே ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தை அழுத்திப் பார்க்கும் ஏ.டி.ஆர். முறையைத் தேர்ந்தோம்.

அயனிக் கற்றையால் பரப்பைச் செதுக்கி, வெளிவரும் அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் டோஃப்-சிம்ஸ் ஒன்றுதான் ஃபுளோரினை நேருக்கு நேர் காட்டியது. எதிர்மின் அயனி முறையில் நிறை 19. அங்கேயும் ஒரு பொறி: ஆக்சிஜன்-18உம் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் அயனியும் 19தான். இரண்டுக்கும் வித்தியாசம் 0.009 அளவு, கருவியின் பிரிதிறன் சுமார் இரண்டாயிரத்து இருநூறாவது இருந்தால்தான் பிரியும். உயர் நிறைப் பிரிதிறனில் எடுத்ததால் எங்களுக்குப் பிரிந்தது. வேகமாகப் படம் எடுக்கும் முறையில் ஓட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

பல்லை வெட்டியது, வரிசைப்படுத்தியது

பல்லைக் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாக நீளவாக்கில் வைரத் தகட்டால் இரண்டாக அறுத்தோம். ஒரு பாதி பல் திசு ஆய்வில் வழக்கமாகச் செய்வது போல எபாக்சிப் பிசினில் பதிக்கப்பட்டது. மற்றதை எதிலும் பதிக்காமல் அப்படியே மெருகேற்றினோம். மெருகுக்கு வைரத் துகள் மட்டும். அலுமினாவோ சீரியமோ நுண்துளைக்குள் தங்கிவிட்டால் பிறகு அது பல்லிலிருந்து வந்ததா தூளிலிருந்து வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு, ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவரின் கறையில்லாத முன்கடைவாய்ப் பல்லையும் இதே மாதிரி தயார் செய்தோம்.

எந்தக் கருவி முதலில் என்பது சாதாரண விஷயமில்லை. ஒளி நுண்ணோக்கி, ராமன், அகச்சிவப்பு, எக்ஸ்.ஆர்.எஃப். என்ற வரிசையில் போனால் மாதிரி ஏறக்குறைய அப்படியே இருக்கும். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் கரி படியும். அபடைட்டில் உள்ள ஃபுளோரினும் கற்றைக்குக் கீழே இடம் பெயரும். சிம்ஸோ பரப்பையே செதுக்கி எடுக்கும். எனவே பிசினில் பதித்த பாதிக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி, பதிக்காத பாதிக்கு சிம்ஸ் என்று பிரித்தோம். அகச்சிவப்பும் எக்ஸ்.ஆர்.எஃப்.பும் இரண்டு பாதிக்கும். இரண்டு முகங்களும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிர். நடுவே தகடு தின்ற எனாமல் கொஞ்சம் இல்லாமல் போயிருக்கும். அதனால் இரண்டு பாதிகளுக்கும் பாலமாகப் பொதுவான ஒரு அளவீடு தேவைப்பட்டது.

முரண்பட்ட இடம்

எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த ஈ.டி.எஸ். (எலக்ட்ரான் பட்ட இடத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரை வைத்துத் தனிமத்தை அறியும் கருவி) படத்தில், பழுப்புத் திட்டின் வெளி விளிம்பு நெடுக ஃபுளோரின் பளிச்சென்று ஒரு கோடாக வந்தது. பார்க்க அருமையான படம். கறை இருக்கும் இடத்தில் ஃபுளோரின் குவிந்திருக்கிறது, கதை முடிந்தது என்று எழுதிவிடலாம் போல இருந்தது. ஆனால் சிம்ஸ் படத்தில் அப்படி எந்தக் குவிப்பும் இல்லை. கறை உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் வெளிப்பரப்பின் ஃபுளோரின் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது.

யார் சொல்வது சரி? எக்ஸ்.ஆர்.எஃப். படத்தை எடுத்துப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. அதே விளிம்பில் இரும்பு இருந்தது. இரும்பின் எல் வரிசைக் கதிர் 0.705 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மாங்கனீசினுடையது 0.637. ஃபுளோரினின் 0.677 இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஈ.டி.எஸ். டிடெக்டரால் அந்த ஆற்றலில் இவ்வளவு நெருங்கிய கோடுகளைப் பிரிக்க முடியாது. மென்பொருள் எந்தத் தனிமத்தைத் தேடச் சொல்கிறோமோ அதன் பெயரை ஒட்டிவிடுகிறது. இரும்பை அதன் 6.40 கோட்டில் தனியாகப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் மேற்பரப்பை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்பதற்காக எலக்ட்ரான் கற்றையை 5 கிலோவோல்ட்டில் வைத்திருந்தோம். அந்தக் கோட்டைக் கிளப்ப 7.1க்கு மேல் வேண்டும். இலேசான தனிமத்துக்கு ஏற்ற அமைப்பு, கனமான தனிமத்தை இருட்டில் தள்ளி, அதன் நிழலை மட்டும் ஃபுளோரின் என்று காட்டிக்கொண்டிருந்தது. 15 கிலோவோல்ட்டில் அதே இடத்தை மறுபடி பார்த்தபோது 6.40இல் இரும்பு எழுந்து நின்றது. மாங்கனீசு இந்தப் பல்லில் சொல்லும்படியாக இல்லை.

ஈ.டி.எஸ். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே எதையும் நம்பகமாகச் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எனாமலின் உட்பகுதியில் அது "ஃபுளோரின் இல்லை" என்று காட்டியதற்கும் பெரிய மதிப்பில்லை. சிம்ஸ் கணக்குக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அடர்ந்த இடமும் துளையுள்ள இடமும் அயனிகளை ஒரே விகிதத்தில் தருவதில்லை. எனவே ஃபுளோரினை நேராக எண்ணாமல், நிறை 79இல் வரும் பாஸ்பேட் அயனிக்கு விகிதமாக எடுத்து, கூடவே ஒப்பீட்டுக்காக மெக்சிகோவின் துராங்கோ அபடைட் கனிமத் துண்டு ஒன்றையும் ஓட்டினோம். விகிதத்தில் பார்த்தால் இரண்டு பற்களின் வெளிப்பரப்பிலும் ஃபுளோரின் அதிகம்தான். பற்பசையும் எச்சிலும் எல்லாப் பற்களுக்கும் அதைக் கொடுக்கின்றன. வித்தியாசம் உள்ளே இருந்தது. ஒப்பீட்டுப் பல்லில் அது சீக்கிரமே சரிந்து தட்டையாகிவிட, பென்னாகரத்துப் பல்லில் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் திசு) எல்லை வரை உயர்ந்த மட்டத்திலேயே ஓடியது. தண்ணீரின் தடயம் கறையில் இல்லை, உள்ளே ஓடும் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது.

பிசின் சொன்னது

வெளிறிய பட்டையின் கீழே, மேற்பரப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ராமன் முகடு அகன்று பலவீனமாகவும், ஒளிர்வு கூடுதலாகவும் இருந்தது. தாது குறைந்த, கரிமப் பொருள் தங்கிய பகுதி. புரதமா என்று அகச்சிவப்பைக் கேட்டோம். பிசினில் பதித்த பாதியில் 1510இல் ஒரு கூர்மையான முகடு. அது எபாக்சியின் வளைய அமைப்புக்குரியது, புரதத்துக்கு இல்லை. பிசின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருந்தது. அமீன் வகைக் கெட்டியாக்கி சேர்த்த எபாக்சியில் நைட்ரஜனும் இருக்கும் என்பதால், நைட்ரஜன் அயனியைக் காட்டிப் புரதம் என்று வாதாடவும் வழியில்லை.

பதிக்காத பாதிதான் அங்கே கைகொடுத்தது. அதில் 1510 இல்லை. 1650, 1540 இரண்டும் மெலிதாக, ஆனால் சேர்ந்தே வந்தன. சிம்ஸின் நேர்மின் முறையில் நிறை 70இல் புரோலினுக்குரிய துணுக்கு அதே பட்டையில் தெரிந்தது. எனாமல் புரதமான அமெலோஜெனினில் புரோலின் அதிகம். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்ததால் புரதம் என்று எழுதினோம். ஒன்று மட்டும் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டோம்.

அப்புறம் அந்தப் பதித்த பாதியின் 1510 வரைபடத்தை டாக்டரிடம் காட்டியபோது, அவர் புரதப் படத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிசின் எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் துளை இருக்கிறது என்றுதானே அர்த்தம்! அவருக்கு வேண்டிய வரைபடமே அதுதான். ஒரு திருத்தம் மட்டும் சொன்னோம்: இங்கே பிசின் அறுத்த முகத்தின் வழியாக இறங்கியது. வாயில் இருக்கும் பல்லில் மேலே அடர்ந்த தாதுத் தோல் ஒன்று மூடியிருக்கிறது. அதை அமிலத்தால் திறக்காமல் பிசின் உள்ளே போகாது. சிகிச்சையில் 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடவுவது அதற்காகத்தான் என்றார் அவர்.

படங்களைச் சேர்ப்பது

இந்த மாதிரி வேலையில் கடைசியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒரு படம் வெளியிடுவது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரே புள்ளி என்று நினைக்கிறோம். ஆனால் சிம்ஸ் பார்ப்பது மேலே ஓரிரு நானோமீட்டர், 5 கிலோவோல்ட் ஈ.டி.எஸ். பார்ப்பது அரை மைக்ரானுக்கும் குறைவு, ராமன் சில மைக்ரான். எக்ஸ்.ஆர்.எஃப்.பில் இரும்பின் கதிர் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்தும், ஸ்ட்ரான்ஷியத்தின் கதிர் நூற்றுக்கணக்கான மைக்ரான் ஆழத்திலிருந்தும் வரும். அறுத்த முகத்துக்குக் கீழே பல்லின் வெளிப்பக்கம் வளைந்து போவதால், விளிம்பில் ஸ்ட்ரான்ஷியம் மங்குவதற்கு வேதியியல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதைக் கவனிக்காமல் வண்ணப் படம் போட்டால் இல்லாத ஒரு பட்டை முளைக்கும்.

நாங்கள் செய்தது எளிது. ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவான ஒரு படத்தைப் பிடித்தோம்: எக்ஸ்.ஆர்.எஃப்.புக்கும் ஈ.டி.எஸ்.ஸுக்கும் கால்சியம், ராமனுக்கும் அகச்சிவப்புக்கும் சிம்ஸுக்கும் பாஸ்பேட். எனாமல்-டென்டின் எல்லைக்கோடும், மெருகேற்றும்போதே போட்டுவைத்த சில கீறல்களும் அடையாளப் புள்ளிகள். அவற்றை வைத்துப் பொருத்திய பிறகு, கன்னப் பக்கத்து மேற்பரப்பிலிருந்து டென்டின் வரை ஒரே கோடு இழுத்து, எல்லாக் கருவிகளின் அளவையும் அந்தக் கோட்டின் மேல் வரைந்தோம். நுணுக்கமான படங்களை எக்ஸ்.ஆர்.எஃப்.பின் பெரிய புள்ளிக்கு ஏற்பச் சராசரியாக்கினோம். பெரிய புள்ளியை நுணுக்கமாக்கிக் காட்டும் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் கோட்டில் தெரிந்தது இதுதான். பழுப்பும் இரும்பும் கரிம ஒளிர்வும் வெளியே சில பத்து மைக்ரானுக்குள் அடங்கிவிட்டன. அது பல் முளைத்த பிறகு வாயிலிருந்து துளைகள் வழியே ஏறிய கறை. அதற்குக் கீழே பழுப்பு இல்லை. ஆனால் தாது குறைந்த, புரதம் தங்கிய வெளிறிய பகுதி இன்னும் உள்ளே நீண்டது. அப்புறம் சாதாரண எனாமல்.

டாக்டருக்கு நாங்கள் கொடுத்த அறிக்கை அரைப் பக்கம்: முதலில் அமிலத் தேய்ப்பு, பழுப்பு அதிலேயே போய்விட வாய்ப்பு அதிகம், போன பிறகு வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியலாம், காற்றடித்து உலர்த்தும்போது குறிப்பாக, ஏனென்றால் துளையில் நீர் போய்க் காற்று புகுந்தால் ஒளி கூடுதலாகச் சிதறும், அது உறுத்தினால் பிசின் ஊட்டல். ஒரு கடைவாய்ப் பக்கத்துப் பல்லை வைத்து முன்பற்களைச் சொல்வதில் இடைவெளி இருக்கிறது என்பதையும் எழுதினோம். முன்பற்களின் எனாமல் இதைவிட முன்னதாக உருவாகி முடிகிறது, பொதுவாக முன்கடைவாய்ப் பற்களில்தான் பாதிப்பு அதிகம். அதனால் முன்பற்களில் வெளிறிய பகுதி இவ்வளவு ஆழம் போயிருக்காது என்று எதிர்பார்க்கலாம். டாக்டர் ஒரே ஒரு பல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். ஓடு ஒட்டும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.